ஜெனீவாவுக்குப் பதில் சொன்ன மரியம்மா

மரியம்மா அக்கா இறந்துவிட்டார். ஆம்பூரிலிருந்து வந்த ஆள் இன்று காலை சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாள் ஜுரமாம்... நேற்றே அடக்கமும் ஆகிவிட்டதாம்.

நம்மோடு ஆம்பூர் தோல் டேனரியில் வேலை பார்த்த பழைய தோஸ்துகள் பலருக்கு இன்னும் தெரிந்திருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பட்டை இடிக்கும் கொட்டகையில் இருந்தார். தோல் பதப்படுத்துகிற ஆவாரம்பட்டையை உலக்கையால் இடித்துத் தூளாக்கும் வேலை. முடி, புருவம் எல்லாம் பட்டைத்தூள்... அதோடு சிரிப்பார். உலக்கைச் சத்தத்தையும் மீறி அந்தச் சிரிப்பு என் மேஜை வரைக்கும் கேட்கும்.

நான் அங்கே கணக்கு எழுதும் ரைட்டர். கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் என்பதால் மரியாதை ஜாஸ்தி. என்னைவிடப் பெரியவரை அப்போது "நீ, வா, போ" என்றுதான் கூப்பிடுவேன்.

அவர் புருஷன் சவரி, வண்டியிலிருந்து பச்சைத்தோல் இறக்குகிறவர். ஒருநாள் கழுத்தில் சின்னக் கொப்புளம். கொசுக்கடி என்றார். மறுநாள் அதன் நடுவில் கரி போலக் கறுத்தது. ஐந்தாம் நாள் ஆள் இல்லை.

இது மாட்டுக்கு வருகிற அடைப்பான் நோய், அதில் செத்த மாட்டின் தோலைத் தொட்டால் மனிதனுக்கும் தொற்றும் என்று வேலூர் டாக்டர் ஒருவர் சொன்னார். முதலாளி அடக்கத்துக்கு வந்து கடைசிவரை நின்றார். கெட்டவர் இல்லை. ஆனால் அந்த நோயின் பெயரை டேனரிக்குள் யாரும் எடுக்கக்கூடாது என்றுவிட்டார்.

1918-ல் ஜெர்மன் சண்டை முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எல்லா தேசத்துத் தொழிலாளிகளுக்கும் பொதுவாக விதிகள் எழுத ஜெனீவாவில் ஒரு சபை கூடுகிறது என்று பேப்பரில் வந்தது. தோல் வேலையில் வரும் இந்த நோயைப் பற்றியும் அங்கே பேச்சாம். முதலாளிகள் என்ன சொல்கிறார்கள், தொழிலாளிகள் என்ன சொல்கிறார்கள் என்று சர்க்கார் கேட்டு எழுத வேண்டுமாம். அதற்காக மெட்ராஸிலிருந்து ஒரு வெள்ளைக்கார ஆபீசர் வந்து சர்க்கார் பங்களாவில் இறங்கினார்.

முதலாளிகள் தரப்பில் நாலு பேர் தயார். தொழிலாளி தரப்பில் ஒருவரும் இல்லை... வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று பயம். மேஸ்திரி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே கொட்டகை வாசலுக்கு வந்தார். மரியம்மா உலக்கையைச் சுவரில் சாய்த்தார்.

"நான் வர்றேன். எனக்கு இனிமே போறதுக்கு இன்னா இருக்குது?"

மொழிபெயர்க்க நான். முதலாளியிடம் சம்பளம் வாங்குகிறவன்.

பங்களாவில் முதலில் முதலாளிகள் பேசினார்கள். இந்தப் பக்கம் அப்படி ஒரு நோயே கிடையாது என்றார்கள். பிறகு ஆபீசர் மரியம்மாவைப் பார்த்தார்.

கொப்புளம் எங்கே வந்தது, எப்போது கறுத்தது, கழுத்து எப்படி வீங்கியது, கடைசி நாள் தண்ணீர்கூட எப்படி இறங்கவில்லை... நின்றபடியே எல்லாம் சொன்னார். அழவில்லை.

"அது நோவுல செத்த மாட்டுத் தோலுன்னு இறக்கறவங்களுக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தா கழுத்துல ஒரு துணியாவது சுத்திக்கினு இருப்பாரு சவரி."

நான் முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். ஆபீசரிடம் இங்கிலீஷில் ஒரே வரி சொன்னேன். இவள் புருஷன் ஏதோ ஜுரத்தில் இறந்துவிட்டான், துக்கத்தில் இருக்கிறாள்.

ஆபீசர் தலையாட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"இருங்க ரைட்டரே" என்றார் மரியம்மா. "நான் இவ்ளோ நேரம் பேசினேன். நீங்க இத்தினிதான் சொன்னீங்க. மீதி எங்க போச்சு?"

எனக்குக் காது சுட்டது. "இங்கிலீஷ்ல வார்த்தை கம்மியா போதும்..." என்று இழுத்தேன்.

"சவரின்னு ஒரு வாட்டிகூட உங்க வாயில வரல. இங்கிலீஷ்லயும் சவரி சவரிதானே?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஆபீசரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். கொப்புளம், கறுப்பு, வீக்கம், தண்ணீர், செத்த மாட்டுத் தோல், துணி... பெயரோடு சொன்னேன். ஆபீசர் இரண்டு பக்கம் எழுதினார். சவரி என்ற பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். "உன் இங்கிலீஷ் நல்லாத்தான்யா இருக்கு. இனிமே வேற எடத்துல பேசு." அவ்வளவுதான். நான் வாணியம்பாடிக்கு வந்துவிட்டேன். கொட்டகையில் மரியம்மாவுக்கும் வேலை இல்லை என்றார்கள். ஆம்பூர் சந்தையில் கீரை விற்க உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா.

கொஞ்ச வருஷத்தில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. தோல் தொடுகிறவருக்கு இந்த நோய் வந்தால் அது வேலையால் வந்ததுதான் என்று அதில் இருந்தது. அக்கா சொன்னதால் வந்தது என்று சொல்ல மாட்டேன். எந்தெந்த ஊரில் யார் யார் சொன்னார்களோ... ஆனால் பேப்பரை எடுத்துக்கொண்டு நேராக ஆம்பூர் சந்தைக்குத்தான் ஓடினேன்.

படித்துக் காட்டினேன். அக்கா கீரைக்கட்டுகளைக் கூடைக்குள் அடுக்கினார். பிறகு, "இது தோல் இறக்கறவங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாதுக்கா."

"அப்போ எங்கிட்ட ஏன் படிக்கிறீங்க? எழுந்திருங்க."

கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு போனார். வேலை முடிந்து ஆட்கள் வெளியே வருகிற நேரம். எங்கள் பழைய டேனரியின் கேட்டுக்கு எதிரிலேயே நிற்க வைத்தார். படித்தேன். "இன்னொரு வாட்டி" என்றார்கள் பின்னால் இருந்தவர்கள். மறுபடி படித்தேன். முதலாளி ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போகச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் முன்பு அக்காவைப் பார்த்தேன். "இளைச்சுட்டீங்க" என்று திட்டிவிட்டு, வேண்டாம் என்றாலும் கேட்காமல் என் பையில் முருங்கைக்கீரையைத் திணித்தார். அடுத்த மாதம் வருகிறேன் என்றேன்.

போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் ஆம்பூர் போகிறேன். வர முடிந்தவர்கள் ஆம்பூர் ஸ்டேஷனில் நில்லுங்கள், சேர்ந்து கல்லறைக்குப் போகலாம்.

தூங்குங்க அக்கா...