என் ஷீட் தானாகக் கூட்டாது

பேப்ரிக் டிபார்ட்மென்ட்டுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் இந்தக் கதையைச் சொல்வதில்லை. கேட்டால் பியூலாவிடம் கேளுங்கள் என்று தள்ளிவிடுவேன். அவளும் சொல்லமாட்டாள். வாயில் வராதது எழுத்திலாவது வரட்டும் என்று எழுதுகிறேன்.

1. பெட்டி முழிக்காத நாள்

அருள்புரத்தில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் பேப்ரிக் இன்சார்ஜ். ஒரு ஆர்டருக்கு எத்தனை கிலோ துணி வேண்டும் என்று கணக்குப் போட்டு, துணி பின்னும் நிட்டிங்குக்கும் சாயம் போடும் டையிங்குக்கும் இவ்வளவு கிலோ என்று புரோகிராம் கொடுப்பது என் வேலை. பீஸ் எத்தனை, ஒரு பீஸுக்கு எத்தனை கிராம், வேஸ்டேஜ் எவ்வளவு என்று பார்த்துப் பெருக்கிக் கூட்டினால் கிலோ வந்துவிடும். குறைத்துப் போட்டால் கட்டிங் நிற்கும். கூட்டிப் போட்டால் துணி குடோனில் தூங்கும்.

ஏசி ரூமின் மூலையில் என் டெஸ்க்டாப் இருந்தது. சுவருக்கும் மேஜைக்கும் நடுவில் நான் நுழைந்து உட்காருவேன். திரையை என்னைத் தவிர யாரும் பார்க்க முடியாது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நான் வைத்த சந்தனமும் குங்குமமும் சிபியு மேல் ஏடு ஏடாகப் படிந்திருந்தது. காலையில் ஆன் செய்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால்தான் முழித்திருக்கும். ஒரு நாள் டீ குடித்துவிட்டு வந்தும் முழிக்கவில்லை.

சர்வீஸ்காரர் வந்து திறந்து பார்த்தார். "மதர்போர்டு போயிருச்சுங்க அக்கா. உள்ள இருக்கற பைலெல்லாம் எடுத்துக் குடுத்தர்றேனுங்க. பெட்டிய வேணும்னா அடுத்த பூஜைக்கு வெச்சுக்கோங்க" என்றார்.

முதலாளி எங்களிடம் சரக்கு வாங்கும் ஒரு பையரின் ஆபீசில் புது ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அதையே இங்கேயும் செய்துவிட்டார். ஆளுக்கொரு லேப்டாப். மேஜை மட்டும் இரண்டு பேருக்கு ஒன்று. மேஜையில் பெரிய மானிட்டர், கீபோர்டு, மவுஸ், நெட் வயர் எல்லாம் ஒரு சின்னப் பெட்டியில் சொருகியிருக்கும். அதற்குப் பெயர் டாக். அதிலிருந்து வரும் ஒற்றை வயரை லேப்டாப்பில் சொருகினால் எல்லாம் வேலை செய்யும்.

"குத்துனா உனக்கு, உருவுனா அடுத்தாளுக்கு. அவ்வளவுதான் அம்மணி" என்றார் முதலாளி.

என்னோடு மேஜையைப் பகிர்ந்துகொண்டவள் பியூலா. தூத்துக்குடிப் பக்கம். டெக்ஸ்டைல் படித்தவள். கல்யாணமாகிப் பல்லடத்தில் குடியிருந்தாள். வேலையில் சேர்ந்து சில மாதம்தான், இன்னும் கன்பர்ம் ஆகவில்லை. மத்தியானம் வரை அவள் நிட்டிங், டையிங் என்று வெளியே சுற்றுவாள், மேஜை எனக்கு. மத்தியானத்துக்கு மேல் நான் கட்டிங் பக்கம் போவேன், மேஜை அவளுக்கு. என் ஷீட்டெல்லாம் இரண்டு பேரும் திறக்கிற பொது போல்டருக்குப் போய்விட்டது. பெரிய மானிட்டரை ரூமின் நடுவைப் பார்த்து வைத்தார்கள்.

எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் இல்லை.

2. பாதி திறந்த டிராயர்

நான் இந்தக் கம்பெனிக்குச் செக்கிங் பெண்ணாக வந்தவள். பொங்கலூரிலிருந்து பஸ்ஸில் வந்து, நாள் முழுக்க நின்றபடி பனியனைப் புரட்டிப் புரட்டி ஓட்டை பார்ப்பேன். பீஸ் கணக்கு எனக்கு மனதிலேயே ஓடும். அதைப் பார்த்துத்தான், முன்பிருந்த பேப்ரிக் இன்சார்ஜ் விட்டுப் போனபோது முதலாளி என்னை ஏசி ரூமுக்குக் கூப்பிட்டார். செக்கிங் டேபிளிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போனவள் நான் ஒருத்திதான். என்னோடு செக்கிங்கில் வேலை பார்த்தவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னை எட்டி எட்டிப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முன்பிருந்த இன்சார்ஜ் போகும்போது ஒரு ஷீட்டைத் திறந்து, இந்தக் கட்டத்தில் பீஸ், இந்தக் கட்டத்தில் கிராம், இதில் கிலோ என்று காட்டிவிட்டுப் போனார். நான் கட்டம் என்றால் எழுதுவதற்கு என்று எடுத்துக்கொண்டேன். கால்குலேட்டரைத் தட்டி, வந்த விடையைக் கட்டத்தில் டைப் அடிப்பேன். பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன். பிரிண்டில் பார்த்தால் எல்லாக் கணக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கம்ப்யூட்டரே கூட்டிப் பெருக்கும் என்பது பிறகு ஒரு நாள் அக்கவுண்ட்ஸில் பார்த்துத் தெரிந்தது. அதற்குள் நான் இன்சார்ஜ் ஆகி ரொம்ப நாளாகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள். நான் போய் யாரிடம் கேட்பது? அவர்களுடைய மிஷின் புதுசு, அதனால் தானாகப் போடுகிறது, என்னுடையது பழசு என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, டிராயரைப் பாதி திறந்து வைத்துக் கால்குலேட்டரை அதற்குள் தட்ட ஆரம்பித்தேன். ஷீட்டுக்குள் நாம்தான் அதைச் சொல்லி வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அந்த ரூமில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. இருந்ததாக நினைத்தேன். அதைக் காப்பாற்றத்தான் இவ்வளவு வித்தையும்.

டாக் வந்த பிறகு வித்தை கஷ்டமாகிவிட்டது. என் ஷீட் பெரிய மானிட்டரில் சினிமா மாதிரி ஓடுகிறது. அதனால் வயரை உருவிவிட்டு, லேப்டாப்பின் சின்னத் திரையை என் பக்கம் சாய்த்துக்கொண்டு டைப் அடிப்பேன். யாராவது கேட்டால் வயர் லூசாக இருக்கிறது என்பேன். சர்வீஸ்காரர் பாவம், அந்த வயரை மாற்றிக்கூடக் கொடுத்தார்.

3. காதுகுத்தில் வந்த போன்

குண்டடத்தில் என் தங்கை பேத்திக்குக் காதுகுத்து. லீவு போட்டுப் போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பியூலா கூப்பிட்டாள்.

"அக்கா, நேவி ப்ளூ ஆர்டர்ல பையர் பீஸ கூட்டிருக்காங்க. நிட்டிங்குல லைன்ல நிக்காங்க, இப்பமே புரோகிராம் வேணுமாம். உங்க ஷீட்ல மேல பீஸ மாத்துனா கீழ கிலோ தானா வந்துரும்லா?"

சுற்றிலும் சொந்தக்காரர்கள். ஆபீசிலிருந்து எனக்கு போன் வந்தால் எல்லோரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். நான் இல்லாமல் அங்கே ஒரு நூல்கூட ஓடாது என்று நானே சொல்லி வைத்திருந்தேன். தெரியாது, நான் வந்து பார்க்கிறேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. இப்போது இருப்பது புது லேப்டாப்தானே, அதுவே போட்டுக்கொள்ளும் என்றும் ஒரு நினைப்பு.

"வந்துருமுங்க கண்ணு. மாத்திட்டு அனுப்பிச்சுரு" என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"இவ இல்லைன்னா ஒண்ணும் ஆகாது போல" என்றார் பக்கத்தில் இருந்த மாமா. நான் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டேன்.

4. பத்தாத துணி

நிட்டிங் முடிந்து, டையிங் முடிந்து, பின்னால் சுருங்காதபடி அழுத்தும் காம்பேக்டிங்கும் முடிந்து துணி வந்தது. கட்டிங் மாஸ்டர் விரித்து வெட்டிக்கொண்டே போனார். பெரிய சைஸுக்கு வந்தபோது ரோல் தீர்ந்துவிட்டது. அவரே ஏசி ரூமுக்குள் வந்து நின்றார்.

துணி வியாபாரம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பத்தவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் சாயம் போட்டு வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். அதே நூல், அதே சாயம், அதே மிஷினாக இருந்தாலும் இரண்டாவது முறை போட்டால் ஷேடு கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். நேவி ப்ளூவில் அது பளிச்சென்று தெரியும். ஒரு டப்பாவில் இரண்டு ஷேடு போனால் பையர் ஆர்டரையே திருப்பிவிடுவார்.

முதலாளி மேஜைக்கே வந்துவிட்டார். பியூலா தன் லேப்டாப்பில் வயரைச் சொருகி ஷீட்டைத் திறந்தாள். பெரிய மானிட்டரில் மேலே புது பீஸ் கணக்கு இருந்தது. கீழே பழைய கிலோ.

"ஏம்மா, பீஸ் மாறியிருக்குது, கிலோ மாறலையே. எப்படி?" என்றார் முதலாளி.

பியூலா கிலோ இருந்த கட்டத்தில் கிளிக் செய்தாள். உள்ளே வெறும் நம்பர். அடுத்த கட்டத்தில் கிளிக் செய்தாள். அதுவும் நம்பர். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த என்னை ஒரு தடவை பார்த்தாள். காதுகுத்து போனைப் பற்றி இப்போது சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"நாந்தான் சார் கீழ பாக்காம அனுப்பிட்டேன்" என்றாள்.

"படிச்ச புள்ளைன்னுதானம்மா வேலைக்கு வெச்சேன். இதக்கூடப் பாக்கலைன்னா எப்படி? நீ நாளையில இருந்து வர வேண்டாம்" என்றார் முதலாளி. சத்தம் போடவில்லை. சொல்லிவிட்டு அவர் ரூமுக்குப் போய்விட்டார்.

பியூலா வயரை உருவினாள். தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பையில் போட்டாள். அந்த மாதம்தான் அவள் பிள்ளையைப் பல்லடத்தில் ஸ்கூலில் சேர்த்திருந்தாள். வீட்டுக்காரருக்குக் கட்டிங் வேலை, ஆர்டர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் நான் கல்லு மாதிரி நின்றேன். டீ வந்தது. வாங்கிக் குடித்தேன். அந்த டீயைக் குடித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

5. எனக்கு வர வேண்டிய திட்டு

டம்ளரை வைத்துவிட்டு முதலாளி ரூமுக்குப் போனேன்.

"அண்ணா, அந்தப் புள்ள மேல தப்பில்லீங்க. என்ற ஷீட்டுல கணக்கே இல்லீங்க. நான் கால்குலேட்டர்ல போட்டு, வந்தத டைப் அடிச்சு வெப்பேனுங்க. எனக்கு அதுல கூட்டத் தெரியாதுங்க. அவ என்னையக் கேட்டா. தானா வரும்னு நாந்தானுங்க சொன்னேன்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவருக்குத் தூக்கிவாரிப் போடும் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார்.

"அட, இதுக்கா இப்படி வேர்க்குது? எனக்குத் தெரியும் அம்மணி. நீ டிராயருக்குள்ள தட்டறது இந்த ரூமு வரைக்கும் கேக்கும். நீ கம்ப்யூட்டர்ல கணக்குப் போடறைன்னு நான் எப்ப நெனச்சேன்? உன்ற கணக்கு தப்பாது, அதுக்காக உக்கார வெச்சேன். கம்ப்யூட்டரு பாட்டுக்கு முன்னால இருந்துச்சு. உன்னைய யாரு இப்பக் கேட்டா? நீ போ. அவ படிச்சவ, பாத்திருக்கோணும்."

வேலை போய்விடும் என்று பயந்து போனவளுக்கு மன்னிப்பு கிடைத்தால் சந்தோஷம் வர வேண்டும். எனக்கு வந்தது வேறு. இத்தனை வருஷம் எந்த மரியாதை போய்விடும் என்று டிராயரை மூடி மூடித் திறந்தேனோ, அப்படி ஒரு மரியாதை அந்த ஏசி ரூமில் எனக்கு இருந்ததே இல்லை. செக்கிங் பெண்ணாக வந்தவளிடம் இதற்கு மேல் என்ன கேட்பது என்று விட்டிருக்கிறார். வெட்கத்தில் காது வரை சுட்டது. தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்த அவர் மேல் கோபமும் வந்தது.

"அண்ணா, இன்சார்ஜ் நானுங்களா, அவளுங்களா?" என்றேன்.

"நீதான். அதுக்கென்ன?"

"அப்ப அந்தத் திட்டை எனக்குக் குடுங்க. எனக்கு மன்னிப்பு, அவளுக்கு வேலை போறதுன்னா நான் எதுக்குங்க இன்சார்ஜு? அவ போனா நான் நாளைக்கு மறுபடியும் செக்கிங் டேபிளுக்குப் போய் நின்னுக்கறேனுங்க. அங்க எனக்கு எல்லாம் தெரியும்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். பிறகு எழுந்து என்னைத் தாண்டி வெளியே போனார். பியூலா பையோடு வாசலில் நின்றிருந்தாள்.

"ஏம்மா, பைய வெச்சுட்டு வந்து உக்காரு" என்றார் அவளிடம். அப்புறம் என் பக்கம் திரும்பினார். அக்கவுண்ட்ஸ், மெர்ச்சண்டைசிங், கட்டிங் மாஸ்டர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியலைன்னா வாயத் தொறந்து கேக்கறதுக்கு உனக்கு என்ன கேடு? தெரியாதத தெரியும்னு போன்ல சொல்லுவியா? ஒரு புள்ள பொழப்பு இன்னிக்குப் போயிருக்கும். பையர்கிட்ட நான் என்ன மூஞ்சிய வெச்சுட்டுப் பேசறது? இன்சார்ஜாம் இன்சார்ஜு. உக்காரு. வயரக் குத்து. இந்தப் புள்ளைகிட்டக் கேட்டு அந்த ஷீட்ட மொதல்ல இருந்து போடு. போட்டு எனக்குக் காட்டிட்டுத்தான் ஊட்டுக்குப் போகோணும்."

அந்த ரூமில் நான் வாங்கிய முதல் திட்டு அது. அதுவரை என்னை யாரும் திட்டியதே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

வயரைச் சொருகினேன். ரூம் முழுக்கப் பார்க்க, என் ஷீட் பெரிய மானிட்டரில் வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு கட்டம் எல்லாம் கலங்கித் தெரிந்தது. பியூலா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மொதல்ல ஈக்வல் போடுங்கக்கா. ம். இப்பம் பீஸ் இருக்க கட்டத்துல கிளிக் பண்ணுங்க."

"போன்ல நான் சொன்னத நீ ஏன் கண்ணு சொல்லல?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"சொல்லத்தான்க்கா நெனச்சேன். உங்க மூஞ்சியப் பாத்தேன். முடியாம போயிட்டு. அடுத்து பெருக்குறதுக்கு ஸ்டார் போடுங்க."

துணி விஷயம் ஒருவழியாக முடிந்தது. இரண்டாவது லாட்டைத் தனியாகச் சாயம் போட்டு, பெரிய சைஸ் முழுவதையும் அதிலேயே வெட்டி, தனி டப்பாவில் போட்டோம். பையர் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார். சரக்கு தாமதமாகப் போனது. பியூலா கன்பர்ம் ஆனாள்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஒன்று தெரியவில்லை என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். முதல் நாள் சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், நீங்களும் சேர்ந்து சிரித்துவிடலாம். நான் சொன்ன நாளில் முதலாளி ஒருவர்தான் சிரித்தார், அவரோடு சேர்ந்து என்னால் சிரிக்க முடியவில்லை.