நடுவில் வைத்த தலையணை

இரண்டரை வயதுவரை எங்கள் இரட்டைப் பிள்ளைகள் தொட்டிலில்தான் தூங்கினார்கள். போடியில் எங்கள் வீட்டு ஹாலில், உத்தரத்தில் இரண்டு கொக்கி. மூத்தவளுக்கு என் பச்சைச் சேலை, ஆறு நிமிடம் கழித்துப் பிறந்தவனுக்கு என் மஞ்சள் சேலை. சேலை மாறிவிட்டால் போச்சு, தெருவே கூடிவிடும்.

எனக்கு ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற வேலை. காலை எட்டரைக்குக் கிளம்ப வேண்டும். வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். மலைமேல் ஏலத் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு விடிவதற்கு முன்பே போய்விடுவார், திரும்ப அஞ்சு மணியாகும். பகலெல்லாம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது எதிர்வீட்டு அக்கா. அவர் ரவிக்கை தைப்பவர். எங்கள் ஜன்னலில் வெளிச்சம் நன்றாக வரும் என்று மிஷினை எங்கள் ஹாலுக்கே கொண்டுவந்து போட்டுவிட்டார். தொட்டில் கயிறு இரண்டும் அவர் நாற்காலியில் கட்டியிருக்கும். கால் மிதித்துக்கொண்டே இருக்கும், துணியைத் திருப்புகிற இடைவெளியில் கை ஒரு இழுப்பு இழுக்கும். கொக்கி ‘கிரீச், கிரீச்’ என்று சத்தம் போடும். மதியம் பன்னிரண்டரைக்குத் தூங்கினால் மூன்று மணிவரை இரண்டும் அசையாது. அந்த நேரத்தில்தான் அவருக்குத் தையல் ஓடும்.

ஆடி மாதக் கடைசியில் ஒரு நாள் சின்னவன் தொட்டிலுக்குள் எழுந்து நின்று குதித்திருக்கிறான். தலைகுப்புற விழுந்து தாடை கிழிந்துவிட்டது. ஆள் வந்து சொன்னதும் கைநிறைய ஏலக்காயோடு ஓடினேன், பாதி வழியில்தான் அது கையில் இருப்பதே தெரிந்தது. நல்லவேளை, காயம் ஆழமில்லை. அக்காதான் அவன் தாடையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“ஏத்தா, இனிமே தொட்டில்ல போட்டா நான் பாக்க மாட்டேன். எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சு. கட்டில்ல தூங்கப் பழக்கு. ஆவணி முகூர்த்தத்துக்கு எம்புட்டு ரவிக்க கெடக்கு பாரு. ரெண்டும் மத்தியானம் தூங்கலேன்னா என்னால ஒரு தையல் போட முடியாது.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் கடையில் புதுக்காய் இறங்க ஆரம்பித்திருந்த நேரம். அந்த வருஷம்தான் என்னை நம்பித் தரம் பார்க்கிற மேஜையைக் கொடுத்திருந்தார்கள். அக்கா கைவிட்டால் நான் வேலையை விட வேண்டியதுதான். வேறு ஆள் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கட்டில் வந்தது. வீட்டுக்காரர் ஆசாரியிடம் சொல்லிக் கட்டில் கால்களை முழங்கால் உயரத்துக்கு அறுத்துவிட்டார். இலவம்பஞ்சுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை, புது மெத்தை மெத்துமெத்தென்று இருந்தது. எல்லாம் சரிதான். அதன்மேல் நான் செய்த காரியம் ஒன்று உண்டு. நீளத் தலையணை ஒன்றை எடுத்துக் கட்டிலுக்கு நட்டநடுவில் வைத்தேன். இந்தப் பக்கம் பச்சை விரிப்பு, அவளுக்கு. அந்தப் பக்கம் மஞ்சள் விரிப்பு, அவனுக்கு.

ஏன் வைத்தாய் என்று யாராவது கேட்டிருந்தால், சண்டை போடுவார்கள், முடியைப் பிடித்து இழுப்பார்கள் என்று சொல்லியிருப்பேன். உண்மை என்னவென்றால், என் கைக்கு வேறொன்றும் தெரியாது. நாள் முழுக்க என் சோலியே பிரிப்பதுதான். எட்டு மில்லி பருமனுக்கு மேலே உள்ள காய் ஒரு குவியல், கீழே உள்ளது ஒரு குவியல், வெடித்தது தனி, நிறம் வெளுத்தது தனி. ஒன்றோடொன்று கலந்து கிடப்பதைப் பார்த்தாலே எனக்குக் கை பரபரக்கும்.

திங்கட்கிழமை மதியம் என்ன நடந்தது என்று அக்கா சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. மூத்தவள் கட்டில்மேல் நின்றுகொண்டு கொக்கியைக் காட்டி “தொத்தி, தொத்தி” என்று ஒரு மணி நேரம் அழுதிருக்கிறாள். சின்னவன் போர்வையைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டிலுக்கு நேர் கீழே நின்று, “போடு” என்றிருக்கிறான். அப்புறம் இரண்டும் சேர்ந்து, நான் அவிழ்க்காமல் விட்டிருந்த வெறும் தொட்டிலை ஆட்ட ஆரம்பித்துவிட்டன. “வெறுந்தொட்டில ஆட்டாதீக, வயித்துவலி வரும்!” என்று அக்கா பதறிப்போய்ச் சேலை இரண்டையும் மேலே சுருட்டி முடிச்சுப் போட்டுவிட்டார். அதற்கு ஒரு அழுகை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அதே கூத்து. நடுவில் வைத்த தலையணை மட்டும் தினமும் தரையில் கிடந்தது. நான் தினமும் எடுத்து நடுவில் வைத்தேன்.

வியாழக்கிழமை வீட்டுக்காரருக்கு லோடு இல்லை. “நான் தூங்க வைக்கிறேன் பாரு” என்று இரண்டையும் ஜீப்பில் உட்கார வைத்து மலையடிவாரம்வரை ஓட்டிக்கொண்டு போனார். இரண்டாவது வளைவிலேயே தூங்கிவிட்டார்களாம். வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு பக்கம் படுக்க வைத்ததும், சொல்லி வைத்ததுபோல் இரண்டும் கண்ணைத் திறந்துவிட்டன.

“ஜீப்புல நல்லாத்தான் தூங்குச்சு” என்றார் சாயந்தரம்.

“அப்ப ஜீப்பக் கட்டில் மேல ஏத்துங்க” என்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவர்மேலா, பிள்ளைகள்மேலா, எதன்மேல் என்று தெரியவில்லை. மூத்தவளை ஒரு அடியும் போட்டுவிட்டேன். அவள் அழவில்லை, என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் அக்கா துணிகளை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “தப்பா எடுத்துக்கிறாதத்தா. நாளைக்கு ஒரு நாள் பாக்குறேன். அப்புறம் நீ வேற வழி பாத்துக்க.”

சனிக்கிழமை கடையில் என் கை காயை எடுத்தது, வைத்தது. மனம் அதில் இல்லை. முதலாளியிடம் இன்றைக்கே சொல்லிவிடுவதா, திங்கட்கிழமை சொல்வதா என்றே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணிக்கு அனுமதி கேட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

தெருமுனையில் நின்று காதைக் கொடுத்தேன். அழுகைச் சத்தம் இல்லை. மிஷின் சத்தமும் இல்லை. மறுபடி சின்னவன் விழுந்துவிட்டான், அக்கா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்து ஓடினேன்.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கையால் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். கட்டிலைக் கண்ணால் காட்டினார்.

தலையணை தரையில் கிடந்தது. அத்தனை பெரிய கட்டிலில் இரண்டும் ஒரே ஓரத்தில், பச்சை விரிப்பின்மேல், நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தன. அவன் கை அவள் பாவாடையைப் பிடித்திருந்தது. அவள் கை அவன் சட்டையைப் பிடித்திருந்தது.

“மூணு தடவ நடுவுல எடுத்து வச்சேன்” என்று கிசுகிசுத்தார் அக்கா. “மூணாந்தடவ உம்மக தலகாணியப் பாத்து ‘போ’ன்னா. இழுத்துக் கீழ தள்ளிட்டு, தம்பியக் கொண்டாந்து பக்கத்துல படுக்க வச்சுக்கிட்டா. அப்புறம் அவஞ்சட்டையப் புடிச்சு இப்பிடி இழுக்குறா, விடுறா, இழுக்குறா, விடுறா. வாயால ‘கிரீச், கிரீச்’சுங்கிறா. அடி ஆத்தி, எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. மிஷின மிதிச்சா முழிச்சுருமோன்னு இங்கன வந்து உக்காந்துட்டேன்.”

நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு இதே மாதிரி இவர்களை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஏழாவது மாதத்தில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டி, “ரெண்டும் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கெடக்கு பாருங்க” என்றார். இப்படியா ஒரு உயிரோடு ஒரு உயிர் ஒட்டிக் கிடக்கும் என்று அன்றைக்கு வாய்பிளந்து பார்த்தவள்தான், பிறந்த பதினோராம் நாளே இரண்டு கொக்கி மாட்டி, இரண்டு சேலை கட்டி, ஆளுக்கொரு தொட்டில் என்று பிரித்துப் போட்டேன். இரண்டரை வருஷம் தனித்தனியாக ஆட்டிவிட்டு, கட்டில் வந்த பிறகும் நடுவில் சுவர் வைத்தேன். இத்தனை நாள் அந்தத் தலையணையைத் தள்ளித் தள்ளி எனக்குத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

“திங்கக்கெழமை வெரசா வேலைக்குப் போத்தா. நான் பாத்துக்கிறேன்” என்றார் அக்கா.

ஒரு வாரமாக இந்தச் சொல்லுக்குத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். கேட்டதும் சிரிக்க வேண்டியவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். இவ்வளவு பெரிய விஷயம் என் வீட்டில் நடந்திருக்கிறது, அதில் என் கை ஒன்றுமே செய்யவில்லை.

கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தேன். சின்னவன் தூக்கத்தில் முகம் சுளித்துச் சிணுங்கினான். தட்டிக்கொடுக்க என் கை தானாக நீண்டது. அதற்குள் மூத்தவள் கண்ணைத் திறக்காமலே அவன் சட்டையை இரண்டு தடவை இழுத்துவிட்டாள். அவன் அடங்கிவிட்டான். நான் கையை எடுத்துக்கொண்டேன். தரையில் கிடந்த தலையணையை, உருண்டு விழுந்தால் தாங்கும்படி, கட்டிலை ஒட்டி நகர்த்தி வைத்தேன்.