அம்மிணி கேட்ட இரண்டாவது முட்டை

போன ஆடியில் ஒரு காலை, புதுச்சத்திரம் பக்கத்துக் கோழிப்பண்ணை வேலையை விட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சேலம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அதன்பிறகு எந்த ஊரிலும் ஒரு வருடம் நிலைத்ததில்லை. வழக்கமாக அலுத்துப்போய்க் கிளம்புவேன். அன்று கிளம்பியது வெட்கத்தில்.

பண்ணையில் முட்டை வேன் ஓட்டுபவரின் மகளுக்குப் பத்து வயது. சாப்பிட்டால் வயிறு வலிக்கும், வலி முதுகு வரை இழுக்கும், சுருண்டு படுத்துவிடுவாள். அந்தப் பயத்தில் மோரும் கஞ்சித் தண்ணீருமாகவே இருந்தாள். தின்றது ஏதோ வயிற்றில் சிக்கியிருக்கிறது, தொக்கம் எடுத்தால் சரியாகிவிடும் என்று அடித்துச் சொன்னவன் நான்தான். நாலு ஊர் பார்த்தவன் சொல்கிறான் என்று நம்பினார்கள். தொக்கம் எடுக்கும் அம்மாளிடம் நானே கூட்டிப்போனேன். அவர் வயிற்றில் குழாய் வைத்து உறிஞ்சி, தட்டில் ஒரு சோற்று உருண்டையைத் துப்பினார். எல்லோருக்கும் நிம்மதி. நான்கே நாளில் வலி திரும்பியது. மறுபடி போனோம், மறுபடி உருண்டை. இப்படியே இரண்டு மாதம் போயிற்று.

கடைசியில் அவள் மயங்கி விழுந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்துக்குள் கற்கள் அடைத்து, அது நாள்பட்டுக் கெட்டுக்கொண்டிருந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். அதைக் கேட்ட மறுநாள்தான் நான் பையைத் தூக்கியது.

பின்னால் முட்டை வேன் வந்து நின்றது. உள்ளே அவள் அப்பா, அம்மா, அம்மா மடியில் தலை வைத்து அவள்.

"எங்கீங்ண்ணா, சொல்லாமக் கொள்ளாம?" என்றார் அப்பா.

"என்னாலதான இத்தன நாளு..."

"அத அப்பறம் அழுதுக்கலாமுங்க. ரத்தம் குடுக்க ஆளு வேணும்னு சொல்லிருக்காங்க. ஏறுங்க."

ஏறினேன்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மருத்துவமனை. ரத்தம் கொடுத்தேன். இரண்டாம் நாள் காலை அவளை உள்ளே கொண்டுபோனவர்கள் மதியம் தாண்டித்தான் கதவைத் திறந்தார்கள். கணையக் குழாயை நீளவாக்கில் திறந்து, கற்களை எடுத்து, சாறு தடையில்லாமல் இறங்கும்படி சிறுகுடலோடு சேர்த்துத் தைத்திருப்பதாக டாக்டர் பொறுமையாகச் சொன்னார். எடுத்த கற்களை ஒரு சின்னப் பாட்டிலில் போட்டுக் கொடுத்தார். வெள்ளையாக, நொய்யரிசி மாதிரி இருந்தன.

ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள் அவள் அந்தப் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தாள்.

"மாமா, இதுதான் நெசத் தொக்கமா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்கு அப்பவே தெரியும். நான் சோறே திங்கல. அப்பறம் சோத்து உருண்ட எப்படி வருமாம்?"

"ஏன் அம்மிணி சொல்லல?"

"நீங்கெல்லாம் அவ்வளவு சந்தோசமா இருந்தீங்கல்ல!"

அன்றுதான் முட்டை தரலாம் என்றார்கள், வெள்ளை மட்டும். முட்டைப் பண்ணையிலேயே வளர்ந்தவள், ஒரு வருடமாக முட்டையைத் தொடவில்லை. கடித்தாள், மென்றாள், விழுங்கினாள். நாங்கள் மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்தோம். கால் மணி, அரை மணி. முகம் சுளிக்கவில்லை.

"ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க? போயி இன்னொன்னு கேளுங்க!"

அவள் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். மிஞ்சிய மஞ்சள் கரு என் கைக்கு வந்தது. "ரத்தம் குடுத்தவரு நீங்கதான, தின்னுங்க மாமா" என்றாள்.

இரண்டாவது முட்டைக்காகக் கீழே சமையலறைக்கு ஓடினேன். அங்கே சமையல்காரர் ஒரு குண்டா முட்டையோடு தனியாகப் போராடிக்கொண்டிருந்தார். பேச்சோடு பேச்சாக உட்கார்ந்து பாதியை உரித்துக் கொடுத்தேன். என் கை வேகத்தைப் பார்த்தவர், அவளுக்கான முட்டையை நீட்டிக்கொண்டே, "நாளைக்கும் வாரீங்களா?" என்றார்.

மறுநாள் விடிந்ததும் போய் வேலையில் சேர்ந்தேன். அவள் இப்போது மாத்திரையோடு மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். சோதனைக்கு வரும்போதெல்லாம் சமையலறைக்குள் எட்டிப்பார்க்கிறாள். நான் இன்னும் அங்கேதான் முட்டை உரிக்கிறேன். வயிற்றுவலி என்று யார் சொன்னாலும் வைத்தியம் சொல்லாமல் டாக்டர் அறைக்கு வழி மட்டும் காட்டுகிறேன். எங்கும் நிலைக்காத என் காலை ஒரு வருடமாக இங்கே பிடித்து வைத்திருப்பது, இன்னொரு முட்டை கேட்ட அந்தக் குரல்தான்.