செரோக்கி பாடமும் சித்தப்பாவின் வழக்கும்

இத்தாலியில், பலேர்மோவில் நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம், எங்களோடு இருந்த சித்தப்பாவின் முன்பற்கள் போயின. மொண்டெல்லோ கடற்கரை உணவகமொன்றில் கோப்பை கழுவிவிட்டு வந்தவரை எங்கள் பகுதி இத்தாலியப் பெடியன் ஒருவன், மோட்டார் சைக்கிளுக்கு வழி விடவில்லையென்று ஹெல்மெட்டால் அடித்துவிட்டான். சித்தப்பா பொலிசில் முறைப்பாடு கொடுத்தார். அங்கே இத்தாலியன் கதைத்தது நான்தான். அதனால் அந்த வழக்கு எனக்கும் சொந்தம் என்று ஒரு நினைப்பு.

அந்தக் கிழமை வகுப்பில் ஆசிரியை அமெரிக்காவின் செரோக்கிப் பழங்குடி மக்களைப் பற்றிச் சொன்னார். அவர்களில் ஒருவரை வெள்ளைக் குடியேறி ஒருவன் கொன்றால், தீர்ப்புச் சொல்ல உட்காருவதும் குடியேறிகள்தானாம். செரோக்கியரின் சாட்சி எடுபடாதாம். கொன்றவன் வீட்டுக்குப் போவான். செத்தவரின் வீட்டுக்கு அரசாங்கம் ஈடாகத் துணிமணி அனுப்பும். நான் கொதித்துப்போய் வந்து சித்தப்பாவிடம் சொன்னேன். அந்த வயதில் நியாயம் கேட்பதற்குக் களைப்பே வராது.

சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவர், "அந்தச் சனம் துணியை வாங்கினவையோ?" என்றார்.

வாங்கினார்களாம் என்றேன், வெட்கம் கெட்டவர்கள் என்ற தொனியில்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெடியனின் தாய் ஒரு தட்டு நிறையக் கனோலி இனிப்போடு வந்தாள். அழுதாள். முறைப்பாட்டை வாபஸ் வாங்கும்படி கேட்டாள். நான் மொழிபெயர்த்தபடியே, வேண்டாம் என்று சித்தப்பாவின் முழங்கையைக் கிள்ளினேன். அதற்குள் அம்மா, வீட்டுக்கு வந்தவளாயிற்றே என்று பழக்கதோஷத்தில் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். எங்கள் ஆட்கள் கோபக்கார வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டார்கள். குடித்தால் கோபம் முடிந்தது என்று அர்த்தம். இதொன்றும் தெரியாத அவள் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

சித்தப்பா வெறுங்கோப்பையைப் பார்த்தார். "சரியெண்டு சொல்லு, பிள்ளை" என்றார்.

எனக்கு அம்மா மேல்தான் ஆத்திரம். ஒரு தேத்தண்ணியால் வழக்கையே கெடுத்துவிட்டீர்கள் என்று கத்தி அழுதேன். அம்மா கனோலியை மூடி வைத்தார். சித்தப்பாதான் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார்.

"அம்மாவை ஏசாதை. அந்த மனுசி தேத்தண்ணி குடிக்காட்டியும் நான் அதைத்தான் சொல்லியிருப்பன். நாளைக்கும் அவையின்ர தெருவாலதானே வேலைக்குப் போறன்."

பக்கத்துத் தெருவாலும் போகலாம் என்று நான் அவருக்கு விரிவாக வழி சொல்லிக் கொடுத்தேன். அவரும் ஓம், ஓம் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.