கட்டிலைத் தள்ளியது யார்?

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

எழுபதுகளின் கடைசியில் கொச்சியில், மட்டாஞ்சேரியில் ஒரு பழைய ஆஸ்பத்திரியில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தேன். ஊசி போடுவதில் புலி. நர்ஸிங் வரலாறு பேப்பரில் மட்டும் கோட்டை விட்டேன். செத்துப்போனவர்கள் கதை தெரிந்தால் காய்ச்சல் இறங்குமா என்று வகுப்பிலேயே கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டவள். மறுபடியும் தோற்றால் சுக்குக் கிடங்குக்கு வேலைக்குப் போ என்று அப்பா சொல்லிவிட்டார்.

பரீட்சைக்கு முந்தின வாரம், கொளுத்துகிற மத்தியானம், பெண்கள் வார்டில் டியூட்டிக்கு நான் மட்டும். ஒரே ஃபேன். இரும்புக் கட்டில்களோ தள்ளித் தள்ளிக் கிடந்தன. நடந்து நடந்து கால் கடுத்ததால் எல்லாவற்றையும் ஃபேனுக்கு அடியில் நெருக்கிப் போட்டேன். நோயாளிகளுக்கும் ஊர்வம்பு பேச வசதி. சாயா குடித்துவிட்டு வந்து பார்த்தால் கட்டில்கள் பழைய இடத்தில் நிற்கின்றன, ஆட்கள் மேலே படுத்தபடி!

"யாரு சேச்சி தள்ளினது?" என்று வாசல்பக்கம் படுத்திருந்த செல்லம்மா சேச்சியிடம் கேட்டேன்.

"அம்மயாணை யாரும் வரலை மோளே. கட்டில் தன்னால போச்சு. நல்ல சுகமா இருந்தது, காயல்ல வஞ்சியில மிதந்து போற மாதிரி."

கோபத்தில் அவர் கட்டிலையே மறுபடி தள்ளினேன். நம்பினால் நம்புங்கள், மறுபக்கத்திலிருந்து யாரோ திருப்பித் தள்ளினார்கள். அங்கே ஆளே இல்லை. நானும் தம் கட்டித் தள்ளினேன். எனக்குத்தான் செருப்பு வழுக்கியது.

செத்துப்போன பழைய நர்ஸ் யாராவதாகத்தான் இருக்கும், அது யாரென்று தெரிந்துகொள்ளத்தான் வரலாற்றுப் புத்தகத்தையே திறந்தேன். பேய்க்குப் பயந்து பாடம் படித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பெயர் கிடைக்கவில்லை, காரணம் கிடைத்தது. நெருக்கிப் போட்ட வார்டுகளில் காய்ச்சல் கட்டிலுக்குக் கட்டில் தாவி, புண்ணோடு வந்தவர்கள் காய்ச்சலில் செத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து நர்ஸுகள் சண்டை போட்டு வாங்கிய இடைவெளி அது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. மறுநாள் வார்டுக்குப் போய், காற்றைப் பார்த்து ஸாரி சொன்னேன். பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது, பாஸானேன்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கல்யாணமான பிறகு, என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வரும் நாட்களில் எல்லாம், ஒட்டிக் கிடக்கும் எங்கள் கட்டில்களில் அவருடையது காலையில் தள்ளி நிற்கும். முதலில் கட்டில் நகரும், சாயங்காலம்தான் காய்ச்சல் வரும். நான்தான் தள்ளுகிறேன் என்று இன்றைக்கும் சண்டைக்கு வருவார்.

இன்று காலை தள்ளி நின்றது அவர் கட்டில் இல்லை, என்னுடையது.