நான்கு போல்ட்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இதில் இட்டுக்கட்டிச் சொன்னது எதுவும் இல்லை. அந்தச் சிவப்பு விளக்கு எரிந்ததை மூன்று பேர் பார்த்தார்கள். மூன்று பேரும் இன்றும் இருக்கிறார்கள்.

மதுமதியின் கணவன் ஜெகதீஸ்வரன் போன வருடம் ஆடி மாதம் இறந்தான். புதன்சந்தைக்குப் பக்கத்தில், விளக்குப் போடாமல் நின்றிருந்த ஒரு லாரியின் பின்னால் அவன் கார் மோதியது. சீட் பெல்ட் போட்டிருந்தான். ஆனால் ஏர்பேக் விரியவில்லை. இன்சூரன்ஸ் சர்வேயர் அவளைத் தனியே அழைத்துக் காரணம் சொன்னார். காரின் முன்னால் மாட்டியிருந்த இரும்பு பம்பர் கார்டு அடியை வாங்கிக்கொண்டதாம். அதனால் மோதலின் வேகம் உள்ளே இருந்த சென்சாருக்குச் சரியாகத் தெரியவில்லையாம்.

அந்த கார்டைச் செய்தவர் அவளுடைய மாமனார் சின்னுசாமி. நாமக்கல்லில் வீட்டை ஒட்டியே லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். மகனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று தன் கையாலேயே குழாயை வளைத்து, வெல்டிங் வைத்து, மாட்டிவிட்டது அது.

மதுமதி அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனிதர் மிஞ்ச மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் அவளுக்குக் கணக்குப் பார்க்கும் வேலை. நாமக்கல்லிலிருந்து தினமும் போய்வர இந்த ஆனியில் ஒரு பழைய கார் வாங்கினாள். வாங்கிய வாரமே சின்னுசாமி இதற்கும் ஒரு கார்டு செய்யப் பட்டறையில் உட்கார்ந்துவிட்டார். அதே அளவு. அதே கறுப்புப் பெயிண்ட். நான்கு போல்ட் போட்டு முடுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"இப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு சாமி."

"வேண்டாமுங்க மாமா... இத மாட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்குது. போலீசு புடிப்பாங்க."

"புடிச்சா எம் பேரச் சொல்லு. அவங்க வண்டியே பாதி நம்ம பட்டறையிலதான் கெடக்குது."

வெகு நாளைக்குப் பிறகு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவள் கார்டை இருக்க விட்டாள்.

மறுநாள் காலை சாவியைத் திருப்பினாள். மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்தது. எப்போதும் எரியும், சில நொடிகளில் அணைந்துவிடும். அன்று அணையவில்லை. சேலம் வரைக்கும் எரிந்துகொண்டே வந்தது.

சேலத்தில் அவளுக்குத் தெரிந்த மெக்கானிக் நசுருல்லா. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தான்.

"கோளாறு ஒண்ணுமே காட்டலீங்கக்கா. மொதல்ல இந்த கார்டக் கழட்டணும். இது ஆபத்து."

கழற்றினான். விளக்கு அணைந்தது.

மறுபடி மாட்டினான். எரிந்தது.

மூன்றாவது முறை அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "இது வெறும் இரும்புங்க. இதுக்கும் லைட்டுக்கும் ஒரு ஒயர்கூடக் கெடயாது..."

அவள் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, "கார்டு இருக்கட்டும். லைட்ட மட்டும் எரியாமப் பண்ணிருங்க" என்றாள்.

"உங்க உசுரு பெருசா, அவரு மனசு பெருசான்னு பாருங்கக்கா."

"பாத்துட்டேன்."

அவன் தலையை ஆட்டினான். "பத்து நாளைக்குத்தான். அதுக்குள்ள நீங்களே அவருகிட்டச் சொல்லிரணும்." மீட்டரைக் கழற்றி உள்ளே எடுத்துப் போனான். திரும்ப மாட்டியபோது விளக்கு எரியவில்லை. கார்டின் போல்ட்டுகளையும் நன்றாக முடுக்கிக் கொடுத்தான்.

வேலை முடிந்து அவள் கிளம்பியபோது தூறல். ஆண்டகளூர் கேட் வரைக்கும் ஒன்றுமில்லை. புதன்சந்தையை நெருங்கும்போது மணி ஆறு நாற்பது.

டிங்...

சிவப்பு விளக்கு எரிந்தது.

கண்ணாடி எல்லாம் ஏற்றித்தான் இருந்தது. ஆனாலும் உள்ளே மண்ணெண்ணெய் வாசனை. பட்டறையில் கிரீஸ் போவதற்கு ஜெகதீஸ்வரன் கை கழுவும் வாசனை அது. அவள் பக்கத்து இருக்கையைப் பார்க்கவில்லை. ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினாள்.

வீடு வந்து சேர்ந்தபோது கரண்டு இல்லை. பக்கத்துப் பட்டறையில் ஆட்கள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள். சின்னுசாமி டார்ச்சோடு வந்து கார்க் கதவைத் திறந்தார்.

"மொகத்துல என்ன சாமி, செவப்பா?"

அவள் எஞ்சினை நிறுத்திச் சாவியை உருவினாள்.

விளக்கு அணையவில்லை.

அவரும் குனிந்து பார்த்தார். அப்போதுதான் அந்தச் சத்தம்.

க்ரீச்...

காரின் முன்னால். இறுகிய போல்ட் ஸ்பேனருக்கு இளகும் சத்தம்.

"ஆருடா அங்க?"

அவர் டார்ச்சைக் காரின் முன்பக்கம் திருப்பினார்.

க்ரீச்... க்ரீச்...

டார்ச் வெளிச்சத்தில் யாரும் இல்லை. ஆனால் போல்ட் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒன்று.

இரண்டு.

மூன்று...

நான்காவதும் கழன்றது. நாற்பது கிலோ இரும்பு. தடாலென்று விழுந்திருக்க வேண்டும். விழவில்லை.

மெல்ல இறங்கியது.

இரண்டு கைகள் பிடித்து வைப்பதுபோல... சத்தமே இல்லாமல் தரையில் உட்கார்ந்தது.

விளக்கு அணைந்தது.

கார்டின் ஓரத்தில் நான்கு போல்ட்டுகளும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் வாஷரும் நட்டும் திரும்பக் கோக்கப்பட்டிருந்தன.

சின்னுசாமி டார்ச்சை அந்த நட்டுகளின் மேலேயே பிடித்தார். இரும்பை எறியக் கூடாது, வைக்க வேண்டும். கழற்றிய நட்டை அதனதன் போல்ட்டிலேயே கோக்க வேண்டும். பட்டறையில் அவர் தினமும் தொண்டை வற்றக் கத்துவது இதைத்தான். இத்தனை ஆண்டுகளில் அதைக் கேட்டு நடந்தவன் ஒருவன்தான்.

"எம் பையன் எதுக்கு அம்மிணி இதக் கழட்டுறான்?"

அவள் சொன்னாள். இரண்டே வாக்கியம்.

அவர் ஈரத் தரையில் கார்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அதைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"ஒரு வருசமா... ஒருத்தியாவா சாமி சொமந்தே?"

அன்றுதான் இருவரும் சேர்ந்து அழுதார்கள். விடிந்ததும் அவர் கேஸ் கட்டரை எடுத்து அந்த கார்டைத் துண்டு துண்டாக அறுத்தார். இனி யார் கேட்டாலும் பட்டறையில் கார்டு செய்வதில்லை என்றார்.

நசுருல்லா போல்ட்டைச் சரியாக முடுக்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். மதுமதியும் அப்படி நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். விளக்கைத் திரும்ப இணைக்க மறுநாள் அவனிடம் போனாள்.

"ஒயரச் சரியாப் புடுங்காம விட்டுட்டீங்க போல. நேத்தே எரிஞ்சுதுங்க."

அவன் அவளையே பார்த்தான். மேசை டிராயரைத் திறந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தான். உள்ளே கடுகளவு ஒரு பொருள்.

"நான் ஒயரப் புடுங்கலீங்கக்கா. மீட்டர்ல இருந்த குட்டி எல்.இ.டி. லைட்டையே சூடு வெச்சு எடுத்துட்டேன். நேத்துலருந்து இது இங்கதான் இருக்குது."

அதை மறுபடி மீட்டரில் வைத்துக் கொடுத்துவிட்டான். இப்போது எல்லாம் சரியாக வேலை செய்கிறது. சாவியைத் திருப்பினால் எரிகிறது; சில நொடிகளில் அணைகிறது.

சில நாட்களில் மட்டும் அணையக் கொஞ்சம் நேரமாகிறது. மதுமதி அவசரப்படுவதில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி, அது அணையும்வரை உட்கார்ந்திருக்கிறாள்.