கையை வேலை வாங்கிய கதை

என் வலது கை செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பக்கவாதம் வந்து இரண்டு மாதமாகியும் அது பாட்டுக்குத் தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. மனைவிதான் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். கோலா சாவா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் மண்டோராக இருந்து ஆட்களை விரட்டி வேலை வாங்கியவன், குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

இன்னும் மூன்று மாதத்தில் மகளுக்கு நிச்சயதார்த்தம். பகாவிலிருந்து சம்பந்தி வீட்டார் வருவார்கள். அவர்களோடு பந்தியில் உட்கார்ந்து என் கையால் நானே சாப்பிட வேண்டும். என் கவலையெல்லாம் அது ஒன்றுதான்.

ரெம்பா ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி கொடுத்தது ஒரு தமிழ்ப் பெண். "கை நல்லாத்தான் இருக்கு அங்கிள். அதை ஆட்டிவைக்கிற மூளைச் செல்லுங்க கொஞ்சம் செத்துப்போச்சு. பக்கத்துல உள்ள செல்லுங்க புதுசா தொடர்பு போட்டு அந்த வேலையைப் பழகிக்கும். ஆனா நீங்க கையை வேலை வாங்கணும் லா," என்றாள்.

வேலை வாங்குவதா? அது என் தொழிலாயிற்றே!

இடது கைக்கு மாட்ட ஒரு பெரிய கையுறையை எடுத்தாள். இடது கையைக் கட்டிப்போடாவிட்டால் நிறையப் பேர் அந்தக் கையாலேயே சாப்பிட ஆரம்பித்துவிடுகிறார்களாம்.

"பீச்சாங்கையிலயா? பட்டினி கிடந்து சாவேனே தவிர அதால சோறு தின்ன மாட்டேன்," என்றேன். சிரித்துக்கொண்டே கையுறையை உள்ளே வைத்துவிட்டாள். பிறகு என் மனைவியிடம் திரும்பி, "ஆன்ட்டி, நீங்களும் ஊட்டக்கூடாது," என்றாள். இவளுக்கு முகம் சுருங்கிப்போனது.

மறுநாளே கொல்லைப்புறத்தில் தட்டோடு உட்கார்ந்தேன். தோட்டத்தில் காலையில் பெரட்டு எடுத்து ஆட்களைக் கூப்பிடுவதுபோல விரல்களைக் கூப்பிட்டேன். கட்டைவிரல் வந்தது. ஆள்காட்டி விரல் தாமதம். சுண்டுவிரலுக்கு எந்நாளும் எம்.சி., உடம்புக்கு முடியாத லீவு. தோட்டத்து வசவு ஒன்று விடாமல் திட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு மூக்குக்குப் போனது, காதுக்குப் போனது, வாய்க்கு மட்டும் போகவில்லை. கோழிகள் கொழுத்தன. நான் இளைத்துப்போனேன். பொறுக்கமாட்டாமல் இரவுச் சாப்பாட்டை மட்டும், அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல், மனைவியே ஊட்டினாள். பசியில் நானும் மறுக்கவில்லை.

ஒரு மதியம் ஒரு பிடி சோறு நேராக வாய்க்குள் போனது. அழுதுவிட்டேன். குழம்பில் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நிச்சயதார்த்தப் பந்தியில் சம்பந்தி என் வலப்பக்கம், மனைவி இடப்பக்கம். விரல்கள் நடுங்கின. முதல் கவளம் சிந்தாமல் போய்ச் சேர்ந்தது. இரண்டாவதும் போனது. "நல்லா தேறிட்டீங்களே சம்பந்தி," என்றார் அவர். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது என் மனைவி, அந்தப் பக்கம் இருந்த சம்பந்தியம்மாளோடு மும்முரமாகப் பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், தன் இலையிலிருந்து ஓர் உருண்டை பிடித்து என் வாய்க்கு நேரே நீட்டினாள். பாழாய்ப்போன என் வாயும் தானாகத் திறந்து வாங்கிக்கொண்டது. பந்தியே பார்த்தது. தன் கையைப் பார்த்து அவளே திடுக்கிட்டாள். இந்த ஐந்து மாதத்தில் என் மூளை மட்டுமா பழகியிருக்கிறது?

சம்பந்தி வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் கோபமே வரவில்லை. உருண்டையை விழுங்கிவிட்டு, என் இலையிலிருந்து ஒரு பிடி எடுத்து, நடுங்குகிற வலது கையை அவள் பக்கம் கொண்டுபோனேன். பாதி பட்டுச்சேலையில் கொட்டியது. மீதியை, அத்தனை பேர் முன்னாலும், அவள் வாயில் வாங்கிக்கொண்டாள்.